கூடு உடைக்கும் நாள்

மதகை இறக்கிக் குழித் தண்ணீரை இறைத்து முடித்ததும் அண்ணன்தான் கடப்பாரையோடு முதலில் இறங்குவான். பின்னாலேயே பத்தவச்சான் சம்மட்டியோடு இறங்குவார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பம்பு அறையில் யார் பேசினாலும் காதில் விழாது.

பத்தவச்சான் அண்ணியின் அண்ணன். வெல்டிங் வேலை செய்வதால் வந்த பெயர். அவர் போகிற இடமெல்லாம் சண்டை பற்றிக்கொள்வதால் வந்த பெயர் என்றும் சொல்வார்கள். எனக்கு அவர் மாமா முறை. கூப்பிடக் கூச்சமாக இருந்ததால் நான் அவரை எப்படியும் கூப்பிடுவதில்லை.

குழி, எங்கள் பண்ணைக்கும் கழிக்கும் நடுவில் இருக்கிறது. கழியில் ஓடுவது கடலும் ஆறும் கலந்த அரை உப்புத் தண்ணீர். அது மதகு வழியாகக் குழிக்குள் வந்து, குழாயில் ஏறி, பம்பு தள்ள, இரண்டு சிமென்ட் தொட்டிகளுக்குப் போகும். தொட்டிகளில் ஆயிரத்து நானூறு கொடுவா மீன்கள். விரல் நீளத்தில் வாங்கி விட்டவை. விற்கிற அளவுக்கு வர இன்னும் மூன்று மாதம் ஆகும். பம்பு நின்றால் நான்கு மணி நேரம் தாங்கும். ஐந்தாவது மணி நேரத்தில் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும்.

அண்ணன் ஒன்பது வருடம் கப்பலில் இருந்தவன். கல்யாணமாகி ஆறு வருடத்தில், இந்தப் பண்ணை போடும் வரை, அண்ணியோடு அவன் இருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு வருடம்கூடத் தேறாது. இந்த மீன் கரையேறினால் அவன் வீட்டில் இருப்பான். இல்லையென்றால் மறுபடி கப்பல். அண்ணி தினமும் தீனி வாளியைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு நடக்கும்போது இதைத்தான் நினைத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். வாய்விட்டுச் சொன்னதில்லை.

புழு போன வருடம் வந்தது. கழியில் யாரோ கட்டிப்போட்டுவிட்டுப் போன பழைய மிதவையின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். இந்தத் தண்ணீருக்குச் சொந்தமில்லாத புழு. பென்சில் முனை கனத்தில் சுண்ணாம்பால் ஒரு குழல் கட்டி உள்ளே உட்கார்ந்துகொள்ளும். அதன் மேல் இன்னொன்று கட்டும். அதற்கு மேல் இன்னொன்று. மதகு ஏறி இறங்கும் பள்ளம், குழியின் சுவர், சல்லடை, குழாயின் உள்வாய் எல்லாம் வெள்ளைக் காலிஃபிளவர் முளைத்ததுபோல ஆகிவிட்டது. விளிம்பெல்லாம் பிளேடு. கை வைத்தால் தோல் கிழியும். கிழிந்த இடம் சீழ் பிடிக்கும்.

நான் விலங்கியல் படித்தவள். பண்ணையில் தண்ணீரின் உப்பையும் காற்றையும் அளப்பது என் வேலை. புழுவை என்ன செய்வது என்று அண்ணன் கேட்டபோது, கூட்டை விட்டு வெளியே வந்த புழு மறுபடி கூடு கட்டாது என்று சொன்னேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

"அப்ப உடைச்சா செத்துடும்?"

"செத்துடும்."

"இது போதும் எனக்கு," என்றான்.

அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை உடைத்தார்கள்.

"சயின்ஸ், அந்த மூலையில டார்ச்சைக் காட்டு," என்று அண்ணன் கீழிருந்து கத்துவான். என்னை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாளாகிவிட்டது.

கடப்பாரை சுவரில் இறங்கும்போது கட்டி பாளம் பாளமாகப் பெயரும். பத்தவச்சான் அதைச் சம்மட்டியால் நொறுக்குவார். பெரிய துண்டாகப் போனால் மதகடியில் சிக்கிக்கொள்ளும். உள்ளே இருந்த புழுக்கள் நசுங்கி அவர்கள் காலெல்லாம் வழியும். துணி கட்டிய கையிலிருந்து ரத்தம் வழியும். இரண்டும் கலந்து பூட்ஸுக்குள் இறங்கும்.

"மச்சான், இது உன் ரத்தமா என் ரத்தமா?"

"சிவப்பா இருந்தா என்னது. உன்னதுல பாதி டீத்தண்ணி."

முடிந்ததும் செயின் பிளாக்கை இழுத்து மதகைத் தூக்குவார்கள். கழியில் தண்ணீர் கடலுக்கு வடிகிற நேரம் பார்த்துத்தான் தூக்குவது. உள்ளே புகுந்து சுழன்ற தண்ணீர் நொறுக்கல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கழிக்குள் போகும். கழி அரை பர்லாங்குக்கு வெள்ளையாக ஓடும். அண்ணன் அதைப் பார்த்தபடி பீடி பற்றவைப்பான். வண்டி வைத்து அள்ளிக் கொட்டத் தேவையில்லாத வேலை. மூன்று பேருக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. மூன்றாவது ஆள் நான்.

நான்காவது முறை உடைத்தபோது, படிக்கட்டில் தெறித்து வந்து விழுந்த ஒரு துண்டைச் சும்மா எடுத்துக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டேன். கூட்டிலிருந்து பாதி பிதுங்கிய புழுக்கள் துடித்தன. இரண்டு நிமிடம் இருக்கும். ஒன்றின் உடம்பிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் பொடி கொட்டியது. பக்கத்தில் கிடந்த இன்னொன்றிலிருந்து பால் போலக் கசிந்தது. பொடி முட்டை. பால் விந்து. குவளை கலங்கிப் போயிற்று.

ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தேன். எண்ண முடியவில்லை. மறுநாள் காலையில் அந்த முட்டைகள் எல்லாம் பம்பரம் போலச் சுற்றிக்கொண்டிருந்தன.

புழு சாகத்தான் செய்கிறது. நான் சொன்னது சரி. சாகிறபோது தன்னிடம் இருக்கிற எல்லாவற்றையும் தண்ணீரில் கொட்டிவிட்டுச் சாகிறது. உடைக்காமல் விட்டிருந்தால் ஒவ்வொன்றும் அதனதன் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருக்கும். நாங்கள் ஒரே மணி நேரத்தில் அத்தனையையும் விடவைத்து, கலக்கி, மதகைத் தூக்கி வழியனுப்பி வைத்திருக்கிறோம். குஞ்சுகள் இருபது நாள் மிதக்கும். பிறகு கெட்டியான இடம் தேடி ஒட்டும். இருபத்தோராவது நாள் நாங்கள் மறுபடி உடைப்போம்.

அன்று மதியம் அண்ணன் சாப்பிட உட்கார்ந்தபோது சொல்லலாம் என்று போனேன். பத்தவச்சான் ஏதோ சொல்லி அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். அண்ணி அவன் கைக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். அவன் இடது கையால் சாப்பிட்டான். நான் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நாளை சொல்லலாம் என்று பதினெட்டு நாள் போயிற்று.

பத்தொன்பதாவது நாள் படகுக்காரர் வந்தார். கழியில் எங்களுக்குக் கீழே அவருடைய படகுத்துறை. ரிப்பேருக்கு வருகிற படகுகளைச் சாய்வுத் தளத்தில் ஏற்றி வைத்து வேலை பார்ப்பவர். கையில் ஒரு எஞ்சின் குழாய் வைத்திருந்தார். உள்ளே விரல் நுழையாத அளவுக்குக் குழல்கள்.

"இது நாலு மாசம் தண்ணியில கெடந்த படகோட குழா," என்றார். "முந்தியெல்லாம் நாலு மாசம் கெடந்தா பாசிதான் புடிக்கும். என் தளத்துல கால் வைக்க முடியல. நீ உடைச்சு உடைச்சு எங்கிட்ட அனுப்பறே."

"கடல்ல இருந்து வருதுங்க. நான் என்ன பார்சலா போடறேன்?"

"வெள்ளையா வருதுடா. கண்ணால பாக்கறேன்."

"அது செத்த புழு. செத்தது என்ன பண்ணும்?"

படகுக்காரர் என் பக்கம் திரும்பினார். "படிச்ச பொண்ணுதானேம்மா நீ. நீ சொல்லு. செத்ததுதானா?"

பம்பு அறை வாசலில் நின்றிருந்தேன். அண்ணன் என்னைப் பார்த்தான். பத்தவச்சானும் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியல," என்றேன்.

"அவளை எதுக்கு இழுக்கறீங்க?" என்று பத்தவச்சான் முன்னால் வந்தார். "பொண்ணுகிட்ட பஞ்சாயத்து வைக்கற வயசா இது? போய்ப் படகுக்குப் பெயின்ட் அடிங்க."

எஞ்சின் குழாய் பத்தவச்சானின் முகத்தில் விழுந்தது. படகுக்காரர் எறிந்தாரா அடித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. பத்தவச்சானின் பல் ஒன்று சிமென்டில் ஓடிப்போய் நின்றதைப் பார்த்தேன். அண்ணன் குழி ஓரத்தில் கிடந்த சுரண்டியை எடுத்தான். படகுக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல். அவர் கையைத் தூக்கவில்லை, தலையைத்தான் குனிந்தார். சுரண்டி காதோடு இழுத்துக்கொண்டு போனது. காதின் கீழ்ப்பாதி தொங்கியது. அவர் அதைக் கையால் பிடித்துக்கொண்டு, யாரையும் திட்டாமல், வந்த வழியே போனார். வழியெல்லாம் சொட்டியிருந்தது. அண்ணி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

"பல்லு போனா போகுது," என்றார் பத்தவச்சான், துணியை வாயில் அழுத்திக்கொண்டு. "மெல்ற பக்கம் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து உடைக்கும் நாள். மதகு முழுசாக இறங்காமல் நின்றுவிட்டது. இரண்டு பக்கப் பள்ளத்திலும் புதிய குழல்கள். அரிசி அளவில் இருந்தவை மூன்று வாரத்தில் விரல் கனத்துக்கு ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருந்தன. அடியில் ஒரு சாண் இடைவெளியில் தண்ணீர் சீறிக்கொண்டு உள்ளே வந்தது.

"மேல தூக்கிட்டுத் திரும்ப விடுவோம் மச்சான்," என்றான் அண்ணன்.

"எதுக்கு? ரெண்டு தட்டு தட்டினா இறங்கிடும்."

பத்தவச்சான் குழிக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, உளியைப் பள்ளத்தில் வைத்துத் தட்டினார். வலது பக்கம் பெயர்ந்தது. இடது பக்கம் போனார். உளி பாதிதான் எட்டியது. தட்டியதில் தெறித்த துண்டை எடுக்க மதகடியில் கையை விட்டார்.

மதகு இறங்கியது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. அரை டன் இரும்பு ஈரச் சிமென்டில் உட்கார்கிற சத்தம்தான். பத்தவச்சான் கத்தவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "தூக்கு, தூக்கு, தூக்கு," என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அண்ணன் செயினை இழுத்தான். நானும் இழுத்தேன். ஒரு கை அளவு தூக்கியதும் அவர் பின்னால் சாய்ந்தார். வலது கையில் மூன்று விரல்கள் இருந்த இடத்தில் துணி கிழிந்ததுபோல ஏதோ தொங்கியது. தண்ணீர் சிவப்பாகி, மதகடியில் சீறுகிற தண்ணீரில் உடனே வெளுத்தும் போனது. அண்ணன் செயினை விட, மதகு மறுபடி உட்கார்ந்தது.

அண்ணி ஓடி வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய் ஐஸும் துண்டும் வண்டிச் சாவியும் எடுத்து வந்தாள். "அண்ணே, என்னைப் பாரு. கையைப் பாக்காதே," என்று அவரை முன் சீட்டில் உட்காரவைத்தாள். அண்ணன் கூட ஏறப் போனான்.

"நீங்க எங்க வர்றீங்க?" என்றாள். "பம்பு நின்னிருக்கு. மீனைப் பாருங்க."

வண்டி போனதும் அண்ணன் குழித் தண்ணீரை இறைத்தான். கடப்பாரையை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கினான். அன்று அவன் உடைத்தது வேலை இல்லை. ஒரே இடத்தில் பத்துத் தடவை அடித்தான். கட்டி எப்போதோ விழுந்துவிட்டது, சிமென்டை அடித்துக்கொண்டிருந்தான். தீப்பொறி பறந்தது. அவன் முகமெல்லாம் புழு. சொல்ல வேண்டியதை இப்போதாவது சொல் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவன் மேலே ஏறி வந்து செயினைப் பிடித்தான். நான் எழுந்து போய் அதே செயினைப் பிடித்தேன்.

"விடு."

"தூக்காதேண்ணா."

"பம்பு நின்னு நாலு மணி நேரம் ஆகப்போகுது. மீன் செத்துடும். விடுடி."

"தூக்கினாலும் செத்துடும்."

அவன் என்னைத் தள்ளினான். படிக்கட்டில் விழுந்து இரண்டு கையையும் நொறுக்கலில் ஊன்றினேன். எழுந்து மறுபடி போய்ப் பிடித்தேன். அறைந்தான். சின்ன வயதிலும் அவன் என்னை அடித்ததில்லை. காது ஒரு பக்கம் அடைத்துக்கொண்டது. அந்த அடைத்த காதோடுதான் சொன்னேன். கேட்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாததால் நிறுத்தாமல் சொல்ல முடிந்தது.

குவளையில் பார்த்ததைச் சொன்னேன். ஆரஞ்சுப் பொடியைச் சொன்னேன். குழாய்க்குள் புழு அடைத்தது போகத் தண்ணீருக்கு இப்போது மூன்றில் ஒரு பங்குதான் வழி இருக்கிறது, இன்றைக்குத் திறந்துவிட்டால் இருபது நாள் ஓடும், பிறகு குழாய் மூடிவிடும், மீனுக்கு வேண்டியது தொண்ணூறு நாள் என்று சொன்னேன். குழியில் நசுங்கிக் கிடப்பதெல்லாம் இப்போது கொட்டிக்கொண்டிருக்கிறது, மதகு திறக்காமல் வெயிலில் காய்ந்தால் இங்கேயே செத்துப்போகும், குழி, குழாய், தொட்டி மூன்றும் நாற்பது நாள் காய வேண்டும் என்று சொன்னேன்.

"உடைக்கச் சொன்னது நான்தான். தப்பா சொல்லிட்டேன்."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"போன தடவை உடைச்சப்ப."

மறுபடி அடிப்பான் என்று நினைத்தேன். அவன் கடப்பாரையை எடுத்துப் பம்பு அறைக் கதவில் எறிந்தான். பலகையைத் துளைத்துக்கொண்டு பாதி உள்ளே போய் நின்றது.

"அந்தாளு காது," என்றான். "மச்சான் கை."

"ஆமா."

"வாயைத் திறந்து சொல்ல என்னடி கஷ்டம்?"

நான் உள்ளங்கையில் குத்தியிருந்த நொறுக்கலைப் பிடுங்கிப் போட்டேன்.

தொட்டியில் மீன்கள் மேலே வர ஆரம்பித்திருந்தன. முதலில் ஓரத்தில் நாலைந்து. பிறகு தொட்டி முழுக்க வாய்கள். அண்ணன் தொட்டிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி நின்றான். ஒன்பது வருடம் கழித்து மண்ணில் நின்றவன் மாதிரிதான் அவன் இந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்பான்.

"தானா மூச்சு முட்டிச் செத்தா புதைக்கத்தான் ஆகும்," என்றான். "உயிரோட அடிச்சு ஐஸ்ல போட்டாத்தான் சின்ன மீனா இருந்தாலும் யாராவது வாங்கித் திம்பாங்க." உள்ளே போய் இரண்டு கட்டைகள் எடுத்து வந்தான். ஒன்றை என்னிடம் நீட்டினான். "நீ ஆரம்பி."

அவன் வலையில் அள்ளிப் பலகையில் கொட்டினான். மீனின் கண்ணுக்குப் பின்னால் ஓங்கி ஒரு அடி அடிக்க வேண்டும். முதல் மீனுக்கு எனக்கு நான்கு அடி ஆயிற்று. அது கட்டையின் கீழ் நழுவி என் மேல் துள்ளியது. இரண்டாவதுக்கு மூன்று. ஐம்பது தாண்டியபோது ஒரே அடியில் முடிந்தது. கையில் இருந்த வெட்டுகளில் உப்பும் செதிலும் ஏறி எரிந்தன. அண்ணனும் கட்டையை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் மாற்றி மாற்றி அடித்தோம். அவன் அழுதுகொண்டிருந்தான். அழுகைக்காக ஒரு அடியைக்கூட நிறுத்தவில்லை.

ஐஸ் தீர்ந்துபோகும் நேரத்தில் படகுக்காரர் வந்தார். தலையைச் சுற்றிக் கட்டு. கையில் இரும்புக் கம்பி. உடைக்கிற சத்தம் அவர் துறை வரை கேட்டிருக்கும். பலகையையும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து நின்றுவிட்டார். அண்ணன் எழுந்து நின்றான். கட்டையைக் கீழே வைத்துவிட்டு நின்றான், அடித்தால் வாங்கிக்கொள்வதுபோல.

"மதகு திறக்கப் போறதில்லீங்க," என்றேன். "நீங்க அன்னைக்குக் கேட்டது சரி. செத்த புழுதான், ஆனா முட்டையெல்லாம் உங்க பக்கம்தான் வந்துச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுதான் தரையைப் பாத்தியா?"

"ஆமாங்க."

அவர் என் காலடியில் துப்பினார். போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய ஆள் ஒருவர் தள்ளுவண்டியில் நான்கு பெட்டி ஐஸ் கொண்டு வந்து இறக்கினார்.

"அவரா அனுப்பினார்?" என்று அண்ணன் கேட்டான்.

"அவர் அனுப்பல. நானா கொண்டுவந்தேன்னு சொல்லச் சொன்னார்."

சாயங்காலம் வெயில் இறங்கும்போது இரண்டாவது தொட்டியும் முடிந்தது. கடைசி முப்பது நாற்பது, நாங்கள் எட்டுவதற்கு முன்பே வயிறு மேலே வந்து மிதந்தன. அண்ணன் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கித் தண்ணீரைக் குழிக்கு விடாமல் மேட்டு மண்ணில் திருப்பிவிட்டான். மண் குடித்தது.

போன் அடித்தது. அண்ணி.

"மூணு விரலும் போச்சு," என்றாள். "நாலாவதைக் காப்பாத்தறோம்னு உள்ள கொண்டுபோயிருக்காங்க. மீன் எப்படி இருக்கு?"

"எல்லாத்தையும் கொன்னுட்டோம் அண்ணி."

அவள் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"அப்ப உங்கண்ணன் கப்பலுக்குப் போயிடுவாரா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். கட்டையைக் கழுவிக்கொண்டிருந்தவன் கேட்டிருக்க வேண்டும்.

"போறேன்னு சொல்லு," என்றான். "தொட்டி காயற வரைக்கும் இருப்பேன்னும் சொல்லு."

சொன்னேன். நாற்பது நாள் என்றும் சொன்னேன்.

"நாப்பது நாள்," என்று அண்ணி திரும்பச் சொன்னாள். பிறகு, "இங்க ரத்தம் கேக்கறாங்க. உன்னது ஓ குரூப்தானே?" என்றாள்.

"ஆமா அண்ணி."

"அப்ப கையைக் கழுவிட்டு வா."